நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா: ஊசியா, மாத்திரையா, பத்தியமா?

இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்கும். சளக், சளக், சளக் என்று நிற்காமல். "மைனா, போதும்டி" என்றால் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள், நான் கண்ணை மூடியதும் மறுபடி ஆரம்பிப்பாள். மைனா எங்கள் வீட்டு லாப்ரடார், வெளிர் மஞ்சள் நிறம், 31 கிலோ. அவளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது, தாம்பரம் பக்கம் மழை ஓய்ந்த சமயத்தில் இது தொடங்கியது. முன்னங்கால் இரண்டிலும் விரலிடுக்கு முடி துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாக மாறியது (எச்சில் பட்டுப் பட்டு ஏறுகிற கறை அது, வெளிர் நிற நாய்களில் பளிச்சென்று தெரியும்), அப்புறம் காது, அப்புறம் அக்குள், கடைசியில் வயிறு முழுக்கச் சிவப்பு.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஏறக்குறைய எல்லா வழியையும் பார்த்துவிட்டோம். இதே நிலையில் இருப்பவர்கள் எதற்கு முதலில் பணத்தையும் நேரத்தையும் போடுவது என்று முடிவெடுக்க உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அரிப்பை நிறுத்த எந்த மருந்து நல்லது என்பது இரண்டாவது கேள்வி. பூச்சி இருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போனால் எவ்வளவு நல்ல மருந்தும் பாதி வேலைதான் செய்யும், நாம் அந்த மருந்து சரியில்லை என்று நினைத்து அடுத்ததற்குத் தாவுவோம். நான் அப்படித்தான் தாவினேன்.

முதலில் எங்கே நக்குகிறது என்று ஒரு வாரம் பார்த்து எழுதி வையுங்கள், மருத்துவரிடம் போகும்போது இதைவிடப் பயனுள்ள காகிதம் வேறில்லை. ஒரே ஒரு காலை மட்டும் நக்கினால் அலர்ஜியைப் பற்றி யோசிக்கும் முன் அந்தக் காலை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நெருஞ்சி முள், உடைந்த நகம், விரலிடுக்குக் கட்டி, விரல்களுக்கு நடுவே புதைந்த உண்ணி என்று ஏதாவது இருக்கும். வயதான நாய் மணிக்கட்டுப் பக்கம் ஒரே இடத்தை நக்கி நக்கி முடி கொட்டித் தடித்துப்போனால் உள்ளே மூட்டு வலி இருக்கலாம், தனிமையும் சலிப்பும்கூட அதற்குக் காரணமாகும். வால் ஆரம்பிக்கும் இடத்தையும் இடுப்பின் பின்பக்கத்தையும் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சி. காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டி, காது மடலின் ஓரத்தை நாம் விரலால் தேய்த்ததும் பின்னங்கால் தானாகச் சொறிய ஆரம்பித்தால் சொறிச் சிலந்தியைச் (சொறியை உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சி) சந்தேகிக்க வேண்டும், அது வீட்டு மனிதர்களுக்கும் கொஞ்ச நாள் அரிப்பைக் கொடுக்கும். நான்கு பாதம், காது, முகம், அக்குள், வயிறு என்று சேர்ந்து வந்தால்தான் அலர்ஜி பக்கம் தராசு சாயும். மைனாவுக்கு இந்தக் கடைசி வகை.

வீட்டு வைத்தியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். அம்மா முதல் வாரமே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொண்டுவந்துவிட்டார். "பச்சக் குழந்தைக்கே போடுறோம், இதுக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் குழந்தை அதை நக்காது. நாயின் பாதத்தில் எதைத் தடவினாலும் அதன் கவனம் அங்கேயே போகும், இன்னும் நக்கும், விரலிடுக்கு காயவே காயாது. தேங்காய் எண்ணெய்க்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நாய்த் தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பை உண்டு வாழ்வது. பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருக்கிற பாதத்தில் எண்ணெய் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் நமக்குத் தரும் படை களிம்புகளை எடுத்துப் போடாதீர்கள், அவற்றில் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும், அது அப்படியே நாயின் வயிற்றுக்குள் போகும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கிச் சொறி நாய்க்குப் பூசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து யாராவது பூசினால் தடுத்து நிறுத்துங்கள், தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் கெடுக்கும்.

வீட்டில் செய்வதில் நிஜமாகவே பலன் தந்தவை இரண்டு. ஒன்று, வெளியே போய் வந்ததும் நான்கு பாதங்களையும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒரு பழைய பருத்தித் துண்டால் விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துடைப்பது. துடைப்பதுதான் முக்கியம், கழுவிவிட்டு ஈரத்தோடு விட்டால் கழுவாமலே இருந்திருக்கலாம். இன்னொன்று, தரை துடைக்கிற ஃபினாயிலை நிறுத்தியது. பாதமும் வயிறும் தரையில் படுகிற ஜீவனுக்கு அந்த மருந்தின் மேலேயே படுக்கை, அந்தத் தோலை அது இன்னும் எரிச்சலாக்கும்.

நக்க முடியாமல் செய்யக் கழுத்தில் மாட்டும் கூம்பா, பாதத்துக்குச் சாக்ஸா என்றால் நான் கூம்பு பக்கம். சாக்ஸுக்குள் வியர்வையும் எச்சிலும் சேர்ந்து புழுக்கம் ஏறும், சில நாய்கள் அதைக் கழற்றி விழுங்கிவிடும், குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைவரை போகும். ஆனால் கூம்பு காரணத்தைத் தீர்க்காது. புண் ஆறும் அந்த ஒரு வாரம், பத்து நாளுக்கு மட்டும்தான் அது.

சரி, பூச்சி. "எங்க நாய் மேல ஒரு உண்ணிகூட இல்லை" என்று நானும் சொன்னேன். தெள்ளுப்பூச்சியைப் பொறுத்தவரை நாய் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் படுக்கையிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும். அலர்ஜி உள்ள நாய்க்கு ஒரு சில கடியே போதும், அரிப்பு நாள்கணக்கில் நிற்காது. நம் ஊர்ப் பழுப்பு உண்ணியோ வீட்டுக்குள்ளேயே சுவர் விரிசலில் முட்டையிட்டுப் பெருகுவது, அதோடு எர்லிச்சியா, பபீசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்களையும் கொண்டுவரும். எனவே நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வருடம் முழுக்கப் பூச்சித் தடுப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எந்த வடிவத்தில் என்பதுதான் கேள்வி.

பவுடர் மலிவு, ஆனால் நக்குகிற நாய்க்குப் பவுடர் போடுவது அதன் வாயில் போடுவதற்குச் சமம். கழுத்தின் பின்னால் சொட்டு விடும் மருந்து பரவாயில்லை, ஆனால் அடிக்கடி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்ட வேண்டிய நாய்க்கு அதன் பலன் குறைந்துவிடும், மைனாவுக்கு வாரம் இரண்டு குளியல் என்பதால் அது ஒத்துவரவில்லை. பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து என்றால் வீட்டில் பூனை இருப்பவர்கள் கிட்டேயே போகாதீர்கள், பூனைக்கு அது உயிரைக் குடிக்கும். மென்று தின்கிற மாத்திரை விலை கூடுதல், குளியலால் பாதிக்கப்படாது, சொறிச் சிலந்தியையும் சேர்த்தே கொல்லும். நெக்ஸ்கார்ட் மாதம் ஒன்று, பிரவெக்டோ ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று. இந்த வகை மாத்திரைகளைப் பற்றி 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை கொடுத்தது, சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று. ஏற்கனவே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்கக் கூடாது. மைனாவுக்கு அப்படி எதுவும் இல்லை, மாத்திரையைத்தான் தேர்ந்தெடுத்தோம், அந்தப் பணத்துக்கு நான் வருந்தவே இல்லை.

அடுத்தது தொற்று, இங்கேதான் நாங்கள் ஐந்து மாதத்தை இழந்தோம். முதலில் போன கிளினிக்கில் பாதத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓர் ஊசி போட்டார்கள். மறுநாளே நக்கல் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரம் கழித்து முன்னைவிட அதிகமாக வந்தது, மறுபடி ஊசி, மறுபடி மூன்று வாரம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவள் குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரியில் ஹாலிலேயே சிறுநீர் போனாள், பசி அடங்கவே இல்லை, எடை 35 கிலோ தொட்டது. அது நீண்ட நாள் உடம்பில் தங்கும் ஸ்டீராய்டு என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. என்ன ஊசி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் மருந்துச் சீட்டைத் தொடவே இல்லை. "முதல்ல செல்லோடேப் ஒட்டிப் பார்த்துடலாம்மா" என்றார். விரலிடுக்கில் டேப்பை அழுத்தி எடுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தார், இன்னொரு இடத்தில் பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஈஸ்ட் குவியல் குவியலாக, கூடவே பாக்டீரியா. அலர்ஜி இருந்தது உண்மை, ஆனால் அதன் மேல் இந்தத் தொற்று ஏறி உட்கார்ந்திருந்தது. தொற்றே அரிக்கும், அரித்தால் நக்குவாள், நக்கினால் ஈரம், ஈரத்தில் தொற்று. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கியபோது எதிர்ப்பு சக்தியும் சேர்ந்து குறைந்து அது நிம்மதியாகப் பெருகியிருக்கிறது. இந்த டேப் சோதனைக்கு ஆகும் செலவு எந்த மருந்தோடு ஒப்பிட்டாலும் சொற்பம். உங்கள் கிளினிக்கில் மைக்ரோஸ்கோப் இல்லையென்றால் இருக்கிற இடத்துக்குப் போங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய் வரிசையில் நின்றால் நல்லது.

தொற்றுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையா, மருந்து ஷாம்புவா என்று கேட்டால், மேலோட்டமான தொற்றுக்கு ஷாம்பு முதலில். குளோர்ஹெக்சிடின் இருக்கிற ஷாம்பு, ஈஸ்ட்டும் இருந்தால் அதோடு மைக்கோனசோல் சேர்ந்தது, வாரம் இரண்டு முறை. நுரையை அப்படியே பத்து நிமிடம் விட வேண்டும், இரண்டு நிமிடத்தில் அலசினால் ஷாம்பு வீண். பத்து நிமிடம் மைனாவை நிற்க வைப்பதே ஒரு வேலைதான், அம்மா அவளுக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார். மூன்று வாரத்தில் வாடை போனது, சிவப்பு பாதியானது. கவனியுங்கள், அரிப்பு மருந்து ஒன்றும் தராமலே பாதி.

மீதிப் பாதிக்குத்தான் இந்தத் தலைப்பில் உள்ள கேள்வி.

ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அரிப்பில் தோலைக் கிழித்துக்கொள்ளும் நாய்க்கு பிரட்னிசலோன் மாத்திரை சில நாள் கொடுத்தால் உடனே நிம்மதி, ஒரு மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய்தான். ஆனால் மாத்திரையாக வாங்குங்கள், நீண்ட நாள் ஊசியாக வேண்டாம். மாத்திரையைப் பக்கவிளைவு பார்த்துக் குறைக்கலாம், ஊசி உள்ளே போனால் திரும்ப எடுக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்கிற மாதிரி படிப்படியாகத்தான். கால் வலிக்கென்று மெலோக்சிகாம் போன்ற வலி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் இரண்டையும் சேர்த்துத் தரவே கூடாது, வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தசை கரையும், தோல் மெலியும், வயிறு தொங்கும், சிறுநீர்த் தொற்று வரும். வருடம் முழுக்க நீடிக்கிற அலர்ஜிக்கு இதை முதுகெலும்பாக வைப்பது தவறு என்பதே என் முடிவு.

ஒக்லாசிட்டினிப், அபோகுவெல் என்ற பெயரில் வருவது, 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுபோகும் பாதையை அடைக்கிறது. வேகத்தில் ஸ்டீராய்டுக்குக் குறைவில்லை, முதல் நாளே வித்தியாசம் தெரியும், அந்தத் தாகமும் பசியும் மூச்சிரைப்பும் கிடையாது. முதல் பதினான்கு நாள்வரை தினம் இரண்டு வேளை, அப்புறம் ஒரு வேளை. ஒரு வயது ஆகாத குட்டிக்குத் தரக் கூடாது, கடுமையான தொற்று இருக்கும்போதும், கட்டி, புற்றுநோய் இருந்தாலும் தரக் கூடாது. இதுவும் எதிர்ப்பு சக்தியில் கை வைக்கிற மருந்துதான், தொடர்ந்து கொடுத்தால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். பெரிய சங்கடம் விலை. எடைக்கு ஏற்ற அளவு என்பதால் 8 கிலோ பக் நாய்க்கு 3.6 மில்லிகிராம் போதும், மைனாவுக்கு 16 மில்லிகிராம் வேண்டும். பக் வளர்க்கும் தோழி யோசிக்காமல் வாங்குகிறாள், நான் வருடக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்தக் கணக்கில் ஸ்டீராய்டால் வந்த ரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாடிக், ஆட்டோ செலவு எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் எழுதுங்கள், வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது.

லோகிவெட்மாப், சைட்டோபாயிண்ட் என்று சொல்வது, வேறு வகை. ஊசிதான், ஆனால் ஸ்டீராய்டு இல்லை. அரிப்பைத் தூண்டும் ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள். ஒரு முறை போட்டால் நான்கிலிருந்து எட்டு வாரம் தாங்கும். கல்லீரல், சிறுநீரகத்துக்குச் சுமை தராததால் வயதான நாய்க்கும், வேறு மருந்துகள் சாப்பிடும் நாய்க்கும், மாத்திரை என்றாலே வாயைப் பூட்டிக்கொள்ளும் நாய்க்கும் இதுதான் பொருத்தம். காதிலும் பாதத்திலும் வீக்கம் முற்றிப்போயிருந்தால் இது மட்டும் போதாமல் போகலாம், ஏனென்றால் இது அரிப்பைத்தான் பிடிக்கிறது, அழற்சியை, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும், அவ்வளவாக இல்லை. குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்து, உங்கள் ஊரில் கிடைக்குமா, மாதாமாதம் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டுதான் முதல் ஊசிக்குச் சம்மதியுங்கள். சைக்ளோஸ்போரின் என்றும் ஒன்று உண்டு, அது வேலை செய்யவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் நாள்களில் வாந்தி, பேதி வரலாம். மற்றவை ஒத்துவராதவர்களுக்கு.

செட்ரிசின் மலிவு, பாதுகாப்பு, ஆனால் பெரும்பாலான நாய்களுக்குப் பலன் மிகக் குறைவு. வீட்டில் இருக்கிறதே என்று சளி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதில் பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் கலந்திருக்கும், நாய்க்கு ஆபத்து.

இப்போது பத்தியம். உணவு அலர்ஜியும் காற்று, தூசி, மகரந்த அலர்ஜியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், பிரித்தறிய இதைத் தவிர வழியில்லை. ரத்தம், எச்சில், முடி எடுத்து உணவு அலர்ஜி சொல்கிறோம் என்கிற சோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள், அவை நம்பத்தக்கவை அல்ல. பத்தியம் என்றால் இதுவரை அந்த நாய் தின்றே இருக்காத ஒரு புரதமும் ஒரு மாவுச்சத்தும் மட்டும், எட்டு வாரம். கோழியும் சோறும் தயிரும் தின்று வளர்ந்த நம் ஊர் நாய்க்கு, இதுவரை மீனே கொடுக்காத வீடு என்றால் வேகவைத்த மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் என்று போகலாம். இல்லாவிட்டால் புரதத்தை நுண்ணிய துண்டாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு, விலை அதிகம், ஆனால் குழப்பம் குறைவு. வீட்டுச் சமையல் வளர்ந்த நாய்க்கு எட்டு வாரத்துக்குச் சரி, அதற்கு மேல் நீட்டினால் சுண்ணாம்புச் சத்தெல்லாம் குறைந்துவிடும்.

பத்தியம் தோற்பது சமையலறையில் அல்ல, வாசலில். பக்கத்து வீட்டு அண்ணன் பாசத்தோடு போடும் மேரி பிஸ்கட், அம்மா கைவிரலில் ஒட்டிய தயிர்ச் சோறு, சுவை சேர்த்த மாத்திரை, எல்லாமே கணக்கில் வரும். எங்கள் தெருவில் எல்லோரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அந்த அண்ணன் மட்டும் "எட்டு வாரமா? பாவம்மா அது" என்று கலங்கிவிட்டார், பிஸ்கட்டுக்குப் பதில் கிழங்குத் துண்டு ஒரு டப்பாவில் கொடுத்து வைத்தேன். முதல் சில வாரம் ஒக்லாசிட்டினிப் கூடவே கொடுக்கலாம், கடைசி வாரங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சரியாகிவிட்டால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும், அப்போதுதான் முடிவு உறுதி.

மைனாவுக்கு எட்டு வாரம் முடிந்தும் மாற்றம் இல்லை. தோழியின் பக்குக்கோ ஐந்தாவது வாரத்தில் காது சுத்தமானது, கோழி கொடுத்த மூன்றாம் நாள் மறுபடி சிவந்தது. அவளுக்கு இப்போது அந்த மாத்திரைகூட வேண்டியதில்லை. இதனால்தான் வருடம் முழுக்க அரிப்பிருக்கும் நாய்க்குப் பத்தியத்தை நான் எப்போதும் பரிந்துரைப்பேன், ஜெயித்தால் ஆயுளுக்கும் மருந்துச் செலவு மிச்சம். வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் அரித்துத் தானே அடங்குகிற நாய்க்குப் பத்தியம் வேண்டாம், அந்த இரண்டு மாதத்துக்கு மாத்திரையோ ஊசியோ போதும்.

பத்தியம் தோற்றதால் மைனாவுக்கு இருப்பது சூழலால் வரும் அலர்ஜி என்று முடிவானது, அது போகாது, கட்டுக்குள் வைக்கலாம். மூன்று மாதத்துக்கொரு பூச்சி மாத்திரை, வாரம் ஒரு ஷாம்புக் குளியல், காலையில் அரை வாளி தண்ணீரில் பாதம் கழுவல், ஒக்லாசிட்டினிப் தினம் ஒன்று, கோடையில் மருத்துவர் சொல்லி அதையும் நிறுத்திப் பார்த்தோம், பங்குனியிலிருந்து ஆடிவரை தாக்குப்பிடித்தாள். எடை 31க்குத் திரும்பிவிட்டது. போன ஐப்பசி மழையில் இடது முன்னங்காலை மட்டும் மறுபடி நக்க ஆரம்பித்தாள். மாத்திரையை இரண்டு வேளையாக்கலாமா என்று கேட்கத்தான் போனேன், மருத்துவர் டேப்பை எடுத்தார். ஈஸ்ட்தான். நாலு குளியல் கூடுதலாகப் போட்டோம், மாத்திரையின் அளவை மாற்றவே இல்லை, பத்து நாளில் நின்றது.